நாற்பத்தேழு கிலோ

"சம்பந்தி, கீழ்ப்பக்கம் நான் பிடிக்கிறேன், நீங்க மேல போய்—"

"நல்லாருக்கே! படியில ஏத்தும்போது கனம் பூரா கீழ்ப்பக்கம்தான் இறங்கும். அங்க நான்தான் நிக்கணும், நீங்க—"

"அதுக்குத்தானே சொல்றேன். வீட்டுக்கு வந்த மனுஷரைக் கனத்துக்கு அடியில நிக்க வச்சா—"

"வந்த மனுஷரா? பொண்ணைக் கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் நான் வந்த மனுஷர்தானா?"

"ஐயையோ, அந்த அர்த்தத்துல சொல்லல—"

"எந்த அர்த்தமா இருந்தாலும் சரி, முதல்ல இதைச் சுவத்துல சாய்ப்போம். கை நடுங்குது. உங்களுக்கு நடுங்குமேன்னு சொன்னேன்."

மாடிப்படியின் மூன்றாவது படியில் அந்த ஸ்பீக்கர் பெட்டி ஒரு மூலையை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றது. இடுப்பளவு உயரம், ஐம்பத்திரண்டு கிலோ. கைப்பிடி கிடையாது. செய்தவர்கள் மரத்தை இழைத்து இழைத்து மெருகேற்றியிருந்தார்களே ஒழிய, இதை என்றைக்காவது ஒருவன் தூக்க வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வியர்த்த கைக்கு அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். தெருவில் அவரை ரேடியோக்காரர் என்பார்கள். எதிரே நின்றவர் அவருடைய மருமகளின் அப்பா, அச்சகம் நடத்தியவர். பிரஸ்காரர். ஒன்றரை டன் அச்சு எந்திரத்தை நாலு இரும்புக் குழாயையும் ஒரு கடப்பாரையையும் வைத்து ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனவர். கனத்தைத் தூக்கக்கூடாது, நகர்த்த வேண்டும் என்பது அவருக்கு நாற்பது வருஷத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் அது அவருடைய அச்சகம். இது பெண்ணைக் கொடுத்த வீடு. இங்கே குரல் ஒரு படி இறங்கித்தான் பேசும்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லலாமா? மேல ஒரு நீளப் பலகை கிடக்குதே, அதைப் படி மேல சரிவாப் போட்டு, கயித்தைக் கட்டி மெதுவா இழுத்தா—"

"இழுக்கறதா? உள்ள காகிதக் கூம்பு இருக்கு சம்பந்தி. அம்பது வருஷத்துக் காகிதம். அதிர்ந்தா கிழிஞ்சிடும்."

நாற்பது வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்திய பிரஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காகிதம் அப்படியெல்லாம்... சரி, விடுங்க. உங்க சாமான்."

"அதான். கொஞ்சம் பக்குவமா எடுத்தா போதும்."

"அப்ப வராண்டாவுல வச்சிடலாமே? தரையோட தரையா தள்ளிட்டுப் போயிடலாம்."

"சாரல் அடிக்கும்."

"வெயில் கொளுத்துது!"

"இன்னிக்குக் கொளுத்துது."

இன்றைக்கு வியாழக்கிழமை. அவசரம் அத்தனையும் இந்த வியாழக்கிழமையால்தான் வந்தது. ரேடியோக்காரரின் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகி எட்டு நாள். ஞாயிற்றுக்கிழமைதான் அனுப்புவோம் என்று சொல்லியிருந்த ஆஸ்பத்திரி, காலையில் மனசு மாறி, சாயங்காலமே கூட்டிக்கொண்டு போகலாம் என்றுவிட்டது. சாமான்களை மாடிக்கு ஏற்றவேண்டிய மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான், சனிக்கிழமை ராத்திரிதான் வருவான். ஆறு வாரத்துக்கு அந்த அம்மாள் படி ஏறக்கூடாது. கீழே இருப்பது ஒரே ஓர் அறை. அந்த அறையில் பதினொரு வருஷமாகக் குடியிருப்பவை இரண்டு ஸ்பீக்கர்கள், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், சுவர் நிறைய இசைத்தட்டுகள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றே அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"திரும்பி வரும்போது அந்த ரூம் காலியா இருக்கணும். இல்லேன்னா நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன். நேரா தங்கச்சி வீடுதான். அங்கயும் கீழ ஒரு ரூம் இருக்கு. அதுல மனுஷங்க இருக்காங்க."

தங்கை வீடு நாலு மணி நேரப் பயணம். அவள் சொன்னால் செய்கிறவள். உப்பு டப்பா எங்கே என்று கண்டுபிடிக்கவே அவருக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த எட்டு நாளில் அவர் ஒரு ரெக்கார்டுகூடப் போட்டுக் கேட்கவில்லை. ஏன் என்று மருமகள் கேட்டபோது, ஊசி சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஊசி நன்றாகத்தான் இருந்தது.

இசைத்தட்டுகளையும் பிளேயரையும் அவரே இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சேர்த்திருந்தார். முதல் ஸ்பீக்கர் இன்று காலை பத்தரைக்குக் கிளம்பி பதினொன்றே காலுக்குப் போய்ச்சேர்ந்தது. இது இரண்டாவது.

"சரி சம்பந்தி, ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர். காலையில நீங்க கீழ நின்னீங்க. இப்ப நான்."

"காலையில நான் நின்னதுனால எனக்குப் பழகிடுச்சு."

"அதெல்லாம் இல்ல."

"அதெல்லாம் உண்டு."

கடைசியில் பிரஸ்காரரே கீழே நின்றார். படி படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு "ம்ம்", ஒரு "இருங்க", ஒரு "சுவத்துல உரசுது, உரசுது." திருப்பத்தில் பெட்டி நிமிர மறுத்தது. சாய்த்தால் கைப்பிடிச்சுவர் இடித்தது. தூக்கிப் பிடித்தால் மேலே விளக்கு இடித்தது. ரேடியோக்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கன்னத்தைப் பெட்டியில் ஒட்டிவைத்தபடி, "உங்க பக்கம் ஒரு விரக்கடை இறக்குங்க" என்றார்.

"எந்த விரக்கடை? நான் என் கையையே பாக்கல சம்பந்தி. பெட்டியோட பின்பக்கம்தான் தெரியுது."

"அதைத்தான் இறக்கச் சொல்றேன்."

"இறக்கினா என் கால் மேலதான் இறங்கும்."

"காலை எடுத்துக்கோங்க."

"கால் மேலதானே நான் நிக்கறேன்!"

எப்படிப் போனது என்று இருவருக்குமே தெரியாது. விளக்கின் கண்ணாடிக் குமிழ் ஒன்று போனது, சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சுண்ணாம்பு போனது, பெட்டி மேலே போய்விட்டது. இருவரும் மாடி அறையின் தரையில் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யார் முதலில் எழுந்திருப்பது என்பதிலும் ஒரு மரியாதை இருந்ததால் பத்து நிமிஷம் யாரும் எழுந்திருக்கவில்லை.

கீழே போன் அடித்தது.

மருமகள்தான். "மாமா, பேப்பர் வேலையெல்லாம் முடிஞ்சது. நாலு மணிக்குக் கிளம்பிடுவோம். அத்தை ஏதோ கேக்கணுமாம், இருங்க."

போன் கை மாறியது.

"ரூம் காலியா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா எத்தனை கிலோ?"

பிரஸ்காரர் மும்முரமாகச் சுவரைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல?"

"நாற்பத்தேழு."

"ஆம்ப்ளிஃபயர்."

"ஆமா."

"அதை விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்தீங்களாக்கும். ஏற்கெனவே தெரிஞ்சதுதான். யாரு தூக்கறா?"

"சம்பந்தி இருக்காரு."

"அவர் எதுக்கு அங்க வந்தாரு? காசு கொடுத்தா தூக்கறதுக்கு ஊர்ல ஆளே இல்லையா? அந்த மனுஷர் இடுப்பை உடைச்சு நம்ம மருமக கையில கொடுக்காதீங்க. என்னைப் பாத்துக்கவே அவளுக்கு நேரம் போதல."

"எல்லாம் முடிஞ்சிடும். நீ வா."

"நான் வர்றது என் கையில இல்ல, அது போறதுலதான் இருக்கு."

போனை வைத்ததும் பிரஸ்காரர், "சம்பந்தியம்மா குரல் தெம்பா இருக்கு" என்றார்.

"ரொம்பத் தெம்பா இருக்கு."

மூன்று மணிக்கு, அவளுக்கென்று சொல்லி வைத்திருந்த கட்டில் வந்தது. கட்டில்கடை ஆட்கள் இரண்டு பேர். பனைமரம் மாதிரி தோளும் கையுமாக இருந்தார்கள். கால் மணி நேரத்தில் பலகைகளைப் பூட்டி, ஆபரேஷன் ஆனவர்களுக்கென்று செய்த உயரமான மெத்தையைப் பாலித்தீன் உறையோடு மேலே போட்டார்கள். வாசலை அடைக்காமல் போடவேண்டும் என்றால் அறையில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அங்கே போட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற சந்தில் மாட்டிக்கொண்டது.

"பெரியவரே, இது என்ன, அடுப்பா?"

"ஆம்ப்ளிஃபயர்."

"மாடிக்கா? நாங்களே கொண்டுபோய் வச்சிடறோம். அஞ்சு நிமிஷம்."

பிரஸ்காரரின் முகம் மலர்ந்தது. அவர் நகர்ந்து வழிகூட விட்டுவிட்டார்.

"வேணாம், வேணாம்! கை வைக்காதீங்க. இதுக்குப் பழக்கம் வேணும்" என்றார் ரேடியோக்காரர்.

"நாங்க இரும்பு பீரோவே தூக்கறோம்."

"பீரோவுக்கு எல்லாப் பக்கமும் ஒரே கனம். இதுல பின்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு. பின்பக்கம் முப்பத்தஞ்சு கிலோ, முன்பக்கம் பன்னண்டே கிலோ. தெரியாம தூக்கினா கையோட கவுந்துடும்."

"அதான் இப்ப சொல்லிட்டீங்களே, தெரிஞ்சுடுச்சே."

"சொன்னா தெரியாது. தூக்கித் தூக்கித் தெரியணும்."

அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது, சாமான் ஏற்ற வந்தவர்கள் இந்த ஆம்ப்ளிஃபயரைத் தலைகீழாகத் தோளில் வைத்து, பீடியோடு நடந்து வந்ததை ரேடியோக்காரர் இன்னும் கனவில் பார்ப்பார். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் போய்விட்டார்கள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை பிரஸ்காரர் ஜன்னலில் நின்றார்.

"நல்ல பசங்க."

"ம்."

"பலமான பசங்க."

"ம்."

"சும்மா சொன்னேன், சம்பந்தி. வேறொண்ணும் இல்ல."

ரேடியோக்காரர் அதற்குள் ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைக் கழற்றி, பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பஞ்சு வைத்த முட்டை அட்டையில் அடுக்க ஆரம்பித்திருந்தார். எட்டு வால்வு. ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதினார். பிரஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. பிறகு மூன்று நாற்பது. பொறுக்க முடியாமல், "இப்ப எவ்வளவு கனம் குறைஞ்சிருக்கும்?" என்றார்.

"அரைக் கிலோ இருக்கும்."

"பரவாயில்ல. ஒவ்வொரு அரைக் கிலோவும் ஒரு உதவிதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பிரஸ்காரர்.

நாலு மணிக்குத் தூக்கத் தயாரானார்கள். சந்துக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். கனமான பின்பக்கம் சந்தின் கோடியில் இருந்தது. அங்கே நான்தான் நிற்பேன் என்று ரேடியோக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்துவிட்டார். பிரஸ்காரர் கட்டிலின் கால்மாட்டில், முன்பக்கத்தைப் பிடித்தார். ஓரத் தகடு கத்தி மாதிரி இருந்ததால் ஆளுக்கொரு பழைய துண்டு.

"சம்பந்தி, கடைசியா ஒண்ணு. இதைத் தூக்கவே வேணாம். ஒரு போர்வையை அடியில விட்டு, தரையோட இழுத்துச் சந்தை விட்டு வெளிய கொண்டுவந்துட்டு, அப்புறம் யோசிக்கலாம்."

"அடியில காத்து போறதுக்கு ஓட்டை இருக்கு. போர்வை நூல் மாட்டும்."

"நூலை அப்புறம் எடுத்துக்கலாமே."

"உள்ள போயிட்டா யாரு எடுக்கறது?"

"சரி. தூக்குவோம்."

தூக்கினார்கள். தூக்கியும் விட்டார்கள். முழங்கால் உயரம், தொடை உயரம், இடுப்பு உயரம். ரேடியோக்காரரின் நெற்றியில் ஒரு நரம்பு கயிறு மாதிரி எழுந்தது. இனி சந்தைவிட்டு வெளியே வரவேண்டும். அப்போதுதான், சந்துக்குள் ஆள் நிற்கலாமே தவிர நடக்க முடியாது என்பது தெரிந்தது. அவருக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர், பின்னால் சுவர், இடுப்பில் கட்டில் சட்டம்.

"நகருங்க சம்பந்தி."

"நகர்ந்துட்டுத்தான் இருக்கேன்."

"அங்கயே நிக்கறாப்ல இருக்கே?"

"நின்னுக்கிட்டே நகர்றேன்."

"கட்டில் மேலால கொண்டுவந்துடுங்க. கையை நீட்டுங்க."

கையை நீட்டியவுடன் நாற்பத்தேழு கிலோ எழுபதாகிவிட்டது. மெத்தைக்கு மேலே, அந்தரத்தில், இரண்டு கிழவர்களுக்கு நடுவில் அது தொங்கியது. பெரியவரான ரேடியோக்காரரின் தோள் ஆடியது. சின்னவரான பிரஸ்காரரின் மணிக்கட்டு ஆடியது. இருவருக்கும் இரண்டே வயசுதான் வித்தியாசம்.

"உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"எனக்கென்ன? உங்களுக்கு?"

"நான் பாட்டுக்கு நிப்பேன்."

"அப்ப போலாமா?"

"போலாம். நீங்க முதல்ல."

"இல்ல, நீங்க."

ஒருவரும் போகவில்லை. பிரஸ்காரரின் துண்டு மெல்ல நழுவியது. அவர் சொல்லவில்லை. ரேடியோக்காரரின் முதுகில் ஏதோ ஒன்று கயிறு அறுந்தாற்போலச் சுண்டியது. அவரும் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம் இறக்கிக்கலாமா? உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"உங்களுக்காகன்னா சரி."

இறக்கினார்கள். கட்டில் முனகியது. பாலித்தீன் உறை சரசரவென்று சுருங்கியது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சாண் ஆழத்துக்கு மெத்தையில் அமிழ்ந்து, இரண்டு பக்கமும் மெத்தை எழும்பி அணைத்துக்கொள்ள, நின்றது.

"அப்பாடா" என்றார் பிரஸ்காரர்.

ரேடியோக்காரர் இன்னும் குனிந்தே இருந்தார்.

ஒரு நிமிஷம் கழித்து பிரஸ்காரர் கையை அடியில் விடப் பார்த்தார். அடி என்று ஒன்று இல்லை. விரல் போகிற இடமெல்லாம் மெத்தையும் பாலித்தீனும்தான். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் புதைந்தது. கட்டில் மேல் ஒரு முழங்காலை ஊன்றி இழுக்கப் பார்த்தார். அவருடைய கனத்துக்கு மெத்தை இறங்கி, ஆம்ப்ளிஃபயர் கனமான பக்கமாகச் சாய்ந்து, அவர் மேலேயே வர ஆரம்பித்தது. அலறிக்கொண்டு இறங்கிவிட்டார். தகட்டின் முனை உறையைக் கிழித்து, புது மெத்தையில் ஒரு கோடு போட்டிருந்தது.

"மணி என்ன?" என்றார் ரேடியோக்காரர், குனிந்தபடியே, தரையைப் பார்த்து.

"நாலு இருபது. ஆஸ்பத்திரிலேர்ந்து அரை மணி நேரம். நாலு மணிக்குக் கிளம்பியிருந்தா... சம்பந்தி, வாங்க, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, ஒரே தம்ல—"

"ம்."

"வாங்கன்னா?"

"வர்றேன்."

"எங்க வர்றீங்க? அங்கயே நிக்கறீங்க. என்ன தேடறீங்க கீழ?"

"ஒண்ணும் தேடல. நிமிர முடியல."

பிரஸ்காரர் துண்டைத் தரையில் வீசினார்.

"நிமிர முடியலையா? எப்பலேர்ந்து?"

"இப்ப பிடிச்சிருக்கு. காலையிலேர்ந்தே லேசா இருந்துச்சு."

"காலையிலேர்ந்தா?"

"முதல் ஸ்பீக்கர்லேர்ந்து."

"யோவ், நீங்கல்லாம் ஒரு மனுஷராய்யா!" என்று வெடித்தார் பிரஸ்காரர். ஆறு வருஷத்து மரியாதை ஒரே மூச்சில் கழன்று விழுந்தது. "முதல் ஸ்பீக்கர்லேர்ந்து இடுப்பு பிடிச்சிருக்கு, அதோட ரெண்டாவது ஸ்பீக்கர், அதோட இது! வாயில என்ன, வால்வா வச்சிருக்கீங்க? ஏன்யா சொல்லல?"

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னு—"

"நான் என்ன நினைக்கறது? பலகை போடலாம்னேன், கூம்பு கிழியும்னீங்க. வராண்டான்னேன், கொளுத்தற வெயில்ல சாரல்னீங்க. அந்தப் பசங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க, தூக்கறோம் தூக்கறோம்னு. பழக்கம் வேணுமாம்! நான் என் வாயை எத்தனை தடவை மூடினேன்னு எனக்குத்தான்யா தெரியும். என் வலது கையில ரெண்டு விரல் மதியத்துலேர்ந்து மரக்கட்டை. கிள்ளினா தெரியல!"

"மதியத்துலேர்ந்தா?" ரேடியோக்காரர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஏன் சொல்லல?"

பிரஸ்காரர் மரத்துப்போன விரல்களை இன்னொரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"சரி. இப்ப நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

"கேக்கறேன். இழுக்கணும்னா இழுங்க. உருட்டணும்னா உருட்டுங்க. என்ன வேணா பண்ணுங்க. அவ வர்றதுக்குள்ள இது கட்டிலை விட்டுப் போனா போதும்."

"கூம்பு?"

"இதுல கூம்பு இல்ல."

"நூல்?"

"நூல் போனா போகட்டும்!"

இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் மத்தியானம் காலை நீட்டிப் படுத்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பிரஸ்காரர் வேலையில் இறங்கினார். இப்போது அவர் சம்பந்தி இல்லை, அச்சகக்காரர். குனிந்து கட்டிலின் உயரத்தைச் சாணால் அளந்தார். மாடியிலிருக்கும் பலகையைக் கொண்டுவந்து கால்மாட்டில் சரிவாகச் சாய்த்து, பாலித்தீன் உறையோடு சேர்த்து இழுத்தால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அங்கிருந்து போர்வையில் வைத்து வராண்டா. ஐந்தே நிமிஷம்.

"நீங்க எதையும் தொடாதீங்க. அப்படியே இருங்க."

"வேற எப்படி இருப்பேன்?"

பிரஸ்காரர் படியேறிப் போனார். மேலே பலகை இழுபடுகிற சத்தம் கேட்டது. அதன்மேல் எதையோ வைத்திருந்திருக்கிறார்கள். மத்தியானம் ஏற்றிய ஸ்பீக்கரையேதான் அதன்மேல் வைத்திருந்தார்கள். "அட கடவுளே" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. அதே நேரம் வாசலில் வண்டியின் ஹாரன் அடித்தது.

ரேடியோக்காரர் தனியாக, கேள்விக்குறி மாதிரி வளைந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்க் கதவு திறந்தது. மருமகளின் குரல், "இருங்க அத்தை, நான் முதல்ல உள்ள பாத்துட்டு வர்றேன்" என்றது. அவருக்கு என்ன தோன்றியதோ, கையெட்டும் தூரத்தில் நாற்காலியில் மடித்து வைத்திருந்த புதுப் போர்வையை உருவினார். ஒரு வீச்சில் ஆம்ப்ளிஃபயரின் மேல் விரித்தார். முனைகளை இழுத்துவிட்டார். குனிந்த நிலையில் அது ஒன்றுதான் அவரால் சுலபமாகச் செய்ய முடிந்தது.

மருமகள் உள்ளே வந்தபோது, அவளுடைய அப்பா ஆறடிப் பலகையோடு படித்திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா! இது என்னப்பா கோலம்? விளக்கு எங்க? ரூம் காலியா?"

பெண்ணிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கிட்டத்தட்டம்மா" என்றார்.

வெளியே வாக்கரின் கால் சிமெண்டில் ஊன்றுகிற சத்தம். டக். டக்.

"அத்தை, நீங்க ஏன் இறங்கினீங்க? வண்டியிலயே இருங்கன்னேனே!"

"இறங்க மாட்டேன்னுதான் இருந்தேன். கிட்டத்தட்டன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டு ஏறிக்கறேன். டிரைவர், வண்டியை அணைக்காதீங்க."

டக். டக். வராண்டா. டக். அறை வாசல்.

இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நின்றுகொண்டிருப்பதே வலிக்கிறது என்பது உதட்டைக் கடித்திருந்ததில் தெரிந்தது. முதலில், வளைந்து நின்ற கணவரைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். நட்டநடுவில், பூப்போட்ட புதுப் போர்வைக்குள், கனமாக ஒன்று பள்ளம் பறித்துக்கொண்டு கிடந்தது. படியில் பலகையோடு நின்ற பிரஸ்காரர் இங்கேயிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"இடுப்பா?" என்றாள்.

ரேடியோக்காரர் தலையாட்டினார்.

"அஞ்சு நிமிஷம் கொடு. இறக்கிடுவோம். சம்பந்தி பலகை கொண்டுவர்றாரு. வராண்டாவுக்கே போயிடும், நிஜமா."

அவள் வாக்கரை இன்னும் ஒரு அடி முன்னால் வைத்து, போர்வையின் மடிப்பை, அது எவ்வளவு ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருக்கிறது என்பதை, பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு தடவை போர்த்திவிட்டதில்ல நீங்க. சரி, போகட்டும். நான் எங்க படுக்கறதுன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."